பனிமலைப் பந்தயமும் தேசக் கொடியும்

கொங்கு நாட்டில் நிலத்தைப் போர்த்தும் வெண்மை என்றால் அது பஞ்சின் வெண்மைதான். நீலகிரியில் மார்கழி, தை மாதங்களில் புல்லின் மேல் படியும் உறைபனியைத் தவிர வேறு பனியை நம்மில் பெரும்பாலோர் கண்ணால் கண்டதில்லை. ஆகவே, மலைச் சரிவில் பனியின் மேல் சறுக்கி ஓடும் பந்தயத்தைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதப் புகுந்தால், அவிநாசியிலும் பொள்ளாச்சியிலும் உள்ள நமது நேயர்கள், "நூல் விலையைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் எழுத வேண்டிய இடத்தில் இது எதற்கு?" என்று கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் நாம் எழுத விரும்புவது பனியைப் பற்றியல்ல. நமது கொடியைப் பற்றி. அக்கொடியை ஒருவர் கையில் கொடுத்து அனுப்பும் தேசம், அவர் காலுக்குக் கீழே என்ன கொடுத்தது என்பதே கேள்வி.

2022-ம் வருஷம் பிப்ரவரி 4-ந் தேதி பீகிங் நகரில் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கின. அன்றைய அணிவகுப்பில் மூவர்ணக் கொடியை ஏந்திச் சென்றவர் ஜனாப் ஆரிப் கான். காஷ்மீரத்தில் குல்மார்க்குக்கு அடுத்த தங்மார்க் பகுதியைச் சேர்ந்தவர். பலருள் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்துக் கொடியைக் கொடுத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. நூற்று நாற்பது கோடி ஜனங்களைக் கொண்ட இத்தேசத்தின் சார்பில் அங்கே போட்டியிடப் போனவர் அவர் ஒருவரே.

அதற்கு முந்தின நாள்தான் நமது சர்க்கார் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பீகிங்கிலுள்ள இந்தியத் தூதரகத்தின் பொறுப்பதிகாரி தொடக்க விழாவிலும் நிறைவு விழாவிலும் கலந்துகொள்ள மாட்டார் என்பது அதன் சாரம். 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் நிகழ்ந்த மோதலில் பங்குகொண்ட சீனப் படையதிகாரி ஒருவரை ஒலிம்பிக் தீபம் ஏந்தி ஓடச் செய்ததே காரணம். அந்த மோதலில் உயிர் நீத்த இருபது இந்திய வீரர்களில் நமது இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் ஒருவர் என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தூதர் போகாததும், விழாக்களை தூர்தர்ஷன் நேரடியாக ஒளிபரப்பாததும் சரியே என்பது நமது அபிப்பிராயம். மானமுள்ள சர்க்கார் வேறு விதமாக நடந்திருக்க முடியாது. ஆயினும் இதன் மறுபக்கத்தை யாரும் அன்று பேசவில்லை. தேசம் பார்க்க மறுத்த விழாவில் தேசத்தின் கொடியைச் சுமந்துகொண்டு ஒரு மனிதர் நடந்தார். அவர் போக வேண்டாம் என்றும் சர்க்கார் சொல்லவில்லை. 

ஒன்பது நாள் கழித்து அவர் பந்தயத்தில் இறங்கினார். ஜயன்ட் ஸ்லாலம் என்னும் அப்பந்தயத்தின் முறையை இங்கே சிறிது விளக்குவது அவசியம். செங்குத்தான பனிச் சரிவில் இரண்டிரண்டாகக் கம்பங்களை நட்டு வாசல்கள் அமைக்கிறார்கள். இரு கால்களிலும் நீண்ட சறுக்குப் பலகைகளைப் பூட்டிக்கொண்டு, ஒவ்வொரு வாசலின் ஊடேயும் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். ஒரு வாசல் தவறினாலும் பந்தயம் அத்துடன் முடிந்தது. ஆடவர் பந்தயத்தில் உச்சிக்கும் அடிவாரத்துக்கும் குறைந்தது 250 மீட்டர் இறக்கம் இருக்க வேண்டும் என்பது விதி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. இரண்டு முறை ஓடி, இரண்டின் நேரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். பிப்ரவரி 13-ந் தேதி அங்கே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எதிரே இருக்கும் வாசலே தெரியாத நிலை. உலகத்தின் தேர்ந்த ஓட்டக்காரர்கள் பலர் நடுவழியில் விழுந்து விலகினார்கள். ஸ்விட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மாட் 2 நிமிஷம் 9.35 விநாடியில் முடித்துத் தங்கம் பெற்றார். ஆரிப் கான் 2 நிமிஷம் 47.24 விநாடியில் முடித்து 45-வது ஆனார். மூன்று நாள் கழித்து நடந்த ஸ்லாலம் பந்தயத்தில் அவரால் முதல் ஓட்டத்தை முடிக்க முடியவில்லை.

முப்பத்தெட்டு விநாடி வித்தியாசம் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அவ்வித்தியாசம் எங்கே உண்டாகிறது என்று பார்ப்பது பத்திரிகையின் கடமை.

இப்பந்தயத்தில் தகுதி பெறும் முறை ஒரு கணக்கில் அடங்கியிருக்கிறது. சர்வதேச ஸ்கீ சம்மேளனம் அங்கீகரித்த பந்தயங்களில் ஓடிப் புள்ளிகள் பெற வேண்டும். புள்ளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வென்றவனுக்கும் நமக்கும் உள்ள நேர வித்தியாசத்தைப் பொறுத்தது ஒரு பங்கு. எத்தகையவர்களோடு ஓடினோம் என்பதைப் பொறுத்தது மறு பங்கு. தரம் குறைந்தவர்களே கூடிய பந்தயத்தில் முதலாக வந்தாலும் புள்ளி பெரிதாகவே இருக்கும். ஆகையால் உள்நாட்டில் அங்கீகாரம் பெற்ற சரிவு வேண்டும், அங்கே வருஷந்தோறும் பந்தயம் நடக்க வேண்டும், அதற்கு வெளிநாட்டுத் தேர்ந்த ஓட்டக்காரர்களும் வர வேண்டும். இவை இல்லாத தேசத்தான் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் போய், மாதக்கணக்கில் தங்கி, ஊர் ஊராக அலைந்து புள்ளி சேகரிக்க வேண்டும். பலகைகள், பயிற்சியாளர், தங்கும் செலவு, மலையேற்றும் கம்பி வண்டிக்குக் கட்டணம் எல்லாம் அந்நிய நாணயத்தில். ஆரிப் கானின் தகப்பனார் குல்மார்க்கில் சறுக்குச் சாமான் கடை வைத்துப் பிழைப்பவர். 2018-ம் வருஷத்து ஒலிம்பிக்குக்கு மகன் தகுதி பெறாமல் போனதற்குப் பணமுடையே காரணம். 2022-ம் வருஷத்துக்காக அவர் தம் கலியாணத்தையே தள்ளி வைத்தார்.

உள்நாட்டில் சரிவே இல்லையா என்றால், இருக்கிறது. உத்தராகண்டத்தில் ஜோஷிமடத்துக்கு மேலே ஔலி என்ற இடத்தில் 2011 ஜனவரியில் முதலாவது தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் பந்தயம் நடந்தது. அதற்காகச் சரிவைச் செப்பனிட்டார்கள். பனி தயாரிக்கும் பொறிகளை வெளிநாட்டிலிருந்து தருவித்தார்கள். டேராடூனில் பனித்தரை மண்டபம் ஒன்றையும் எழுப்பினார்கள். ஸ்லாலம், ஜயன்ட் ஸ்லாலம் இரண்டிலும் தங்கம் பெற்றவர் இதே ஆரிப் கான்தான். அதன் பிறகு நடந்தது என்ன? முதலாவது பந்தயத்துக்கு இரண்டாவது பிறக்கவே இல்லை. டேராடூன் மண்டபம் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்து, 2025-ல்தான் மறுபடி உபயோகத்துக்கு வந்தது. 2018 ஜனவரியில் ஔலியில் நடப்பதாக இருந்த சர்வதேசப் பந்தயம் போதிய பனி இல்லை என்று ரத்தாயிற்று. நமது ஓட்டக்காரர்கள் வீட்டு வாசலிலேயே புள்ளி பெற்றிருக்கக்கூடிய சந்தர்ப்பம் அது.

இயற்கையின் மேல் பழி போடுவது எளிது. 2014-ம் வருஷத்தில் பழி போட இயற்கை இல்லை. இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தேர்தல் விவகாரத்தால் 2012 டிசம்பரில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அச்சங்கத்தைச் சஸ்பெண்டு செய்தது. அந்தத் தடையையும் பொருட்படுத்தாமல் சங்கத்தார் தேர்தலை நடத்தினார்கள். டில்லி காமன்வெல்த் பந்தய ஊழல் வழக்கில் சிறையிலிருந்து ஜாமீனில் வெளிவந்த ஒருவரையே போட்டியின்றிப் பொதுக் காரியதரிசியாகத் தேர்ந்தெடுத்தார்கள்! குற்றம் ருசுவாகும் வரை ஒருவர் நிரபராதியே என்ற சட்ட நியாயத்தை நாமும் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லியிருக்கிறோம். அந்த நியாயம் ஒருவரைச் சிறையிலிருந்து காப்பதற்கு உண்டானது. பதவியில் ஏற்றி வைப்பதற்கு உண்டானதன்று.

இதன் பலனை அனுபவித்தவர்கள் சங்கத்தார் அல்லர். 2014 பிப்ரவரி 7-ந் தேதி ருஷியாவின் சோச்சி நகரில் தொடங்கிய குளிர்கால ஒலிம்பிக்கில், மற்ற நாட்டாரெல்லாம் தத்தம் கொடியோடு வர, இந்தியர் மூவர் தேசமற்றவரைப் போல் ஒலிம்பிக் கொடியின் கீழ் நுழைந்தார்கள். பனிவண்டிப் பந்தய வீரர் ஸ்ரீ சிவ கேசவன் தமது ஓட்டத்தையே அவ்விதம் ஓடி முடித்தார். மலையாளத் தகப்பனாருக்கும் இத்தாலியத் தாயாருக்கும் பிறந்து, மணாலியில் வளர்ந்து, இத்தாலிக்காக ஓடியிருக்கக்கூடியவராயினும் இந்தியாவுக்காகவே 1998 முதல் ஆறு ஒலிம்பிக்குகளில் ஓடியவர் அவர். அவருக்கு நாம் அளித்த மரியாதை இது. பிப்ரவரி 9-ந் தேதி அவசரமாக மறுதேர்தல் நடந்தது. தமிழ்நாட்டவரான ஸ்ரீ என். ராமச்சந்திரன் தலைவரானார், 11-ந் தேதி தடை நீங்கியது. பந்தயங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே தடை நீங்கியது ஒலிம்பிக் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை. அதனால் மணாலியைச் சேர்ந்த ஸ்ரீ ஹிமான்ஷு தாகூர் 19-ந் தேதி ஜயன்ட் ஸ்லாலத்தில் இறங்கியபோது அவருக்குச் சொந்தக் கொடி இருந்தது. இரண்டு நாளில் தீர்க்க முடிந்த விஷயத்தைப் பதினான்கு மாதம் ஏன் இழுத்தார்கள் என்று யாரும் விடை கூறவில்லை.

நமது ஊர்க்காரர்களுக்கு இது வேறொரு விளையாட்டை நினைவூட்டக்கூடும். மோட்டார் பந்தயமும் பனிச்சறுக்கைப் போலவே பணமும் தளமும் இல்லாமல் நடக்காத விளையாட்டு. அதில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் நமது கோயம்புத்தூரின் ஸ்ரீ நரேன் கார்த்திகேயன், வருஷம் 2005. அவர் திடீரென்று முளைத்தவரல்லர். அவருடைய தகப்பனாரே பந்தயக் காரோட்டி. அவருக்கு முந்தின தலைமுறையில் ஸ்ரீ கரிவர்தன் இவ்வூர்ப் பட்டறைகளிலேயே பந்தயக் கார்களைக் கட்டினார். 1995-ல் விமான விபத்தில் அவர் மாண்ட பிறகு, அவர் பெயரால் செட்டிப்பாளையத்தில் 2003-ல் பந்தயத் தளம் அமைந்தது. கார், அதைக் கட்டும் பட்டறை, ஓட்டக் கற்கும் சிறுவன், கற்கும் தளம் ஆகியவை பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருந்தன. பெரிய தேசங்களோடு சமமாக நின்றுவிட்டோம் என்று நாம் பெருமை பேசவில்லை. ஆனால் ஒரு வீரன் உண்டாவதற்குத் தேவையான மண் இங்கே இருந்தது. குல்மார்க்கில் மலை இருக்கிறது, பனி இருக்கிறது, பையன்கள் இருக்கிறார்கள். பட்டறைக்கு நிகரானது இல்லை.

ஏன் இல்லை என்பதற்குப் பழைய காரணமும் உண்டு. வெள்ளைக்கார அதிகாரிகள் 1927-ல் குல்மார்க்கில் ஸ்கீ சங்கம் அமைத்தார்கள். உதகமண்டலத்து வெள்ளைக்காரர் சங்கத்தில் ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு விதி எழுதி ஒட்டியதைப் போன்றதுதான் இதுவும். மலை நம்முடையது, சுமை தூக்கியவன் நம்மவன், விளையாட்டு அவர்களுடையது. சுதந்திரம் வந்ததும் முதலில் பனிப் பலகையை எடுத்தது ராணுவம். 1948-ல், காஷ்மீரப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, குடகு நாட்டவரான ஜெனரல் திம்மய்யா குல்மார்க்கில் படையினருக்குப் பனிச்சறுக்குப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்றைய உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளி அதிலிருந்து வளர்ந்ததே. அந்த நாள் முதல் இந்தியாவில் பனிச்சறுக்கைத் தாங்கி நின்றவை படையும் எல்லைப் போலீஸுமே. அது அவர்களுக்குப் பெருமை. மற்ற இலாகாக்களுக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. 1964-ல் இந்தியாவின் பெயரால் முதன்முதலில் குளிர்கால ஒலிம்பிக்கில் இறங்கிய ஜெரமி புஜகோவ்ஸ்கி போலந்தில் பிறந்தவர். 1988-ல் கால்கரியில் குமாரி சைலஜா குமார் ஸ்லாலத்தில் 28-வது ஆனார்; இப்பந்தயங்களில் இந்தியப் பெண்ணொருத்தி இறங்கியது அதுவே முதல். 2018 ஜனவரியில் துருக்கியின் எர்சுரும் நகரில் குமாரி ஆஞ்சல் தாகூர் ஸ்லாலத்தில் வெண்கலம் பெற்றபோது, சர்வதேச ஸ்கீ பந்தயத்தில் இந்தியர் பெற்ற முதற் பதக்கம் என்றார்கள்; பிரதம மந்திரியே வாழ்த்தினார். வாழ்த்துக்குக் குறைவில்லை.

இனி, இவ்விஷயத்தில் தென்னாட்டார் பேச இடமில்லை என்பாருக்கு ஒரு வார்த்தை. 2025 ஜனவரியில் லடாக்கில் நடந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில் பனித்தரைச் சறுக்கோட்டத்தில் தமிழ்நாட்டுக்குத் தங்கப் பதக்கங்கள் கிடைத்தன. சிமெண்டுத் தரையில் சக்கரக் காலணியோடு ஓடிப் பழகிய குழந்தைகள், சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கத்தியைப் பூட்டிக்கொண்டார்கள்! திம்மய்யாவின் குடகிலிருந்து வந்த குமாரி பவானி நஞ்சுண்டா நெடுந்தூரப் பனியோட்டத்தில் தேசத்தின் முன்னணியில் நிற்கிறார். பனி விழாத ஊரில் பிறந்தது குற்றமில்லை.

அதே 2025-ல் குல்மார்க்கில் பிப்ரவரியில் நடக்க வேண்டிய பந்தயங்கள் பனி போதாமல் தள்ளி வைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தன. கம்பி வண்டி ஏறக்குறைய 3,980 மீட்டர் உயரத்துக்கு ஏறும் இடத்திலேயே இந்த நிலை என்றால், அதைவிடத் தாழ்ந்த ஔலியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பனி விழும் காலம் சுருங்கி வருகிறது. "பொறி வைத்துப் பனி செய்துகொள்வோம்" என்று சிலர் சுலபமாகச் சொல்கிறார்கள். பீகிங் பந்தயங்களே ஏறக்குறைய முழுவதும் செயற்கைப் பனியில் நடந்தவை என்பது மெய்யே. பனிப்பொறி என்பது தண்ணீரை அழுத்தத்தோடு ஏற்றும் பம்பும், காற்றை இறுக்கும் பொறியும், நுண்துளிகளாகச் சிதற அடிக்கும் குழாயுமே. பம்பு செய்வதில் பேர்பெற்ற நமது கோவைத் தொழிலதிபர்களுக்கு அது விளங்காத வித்தை அன்று. ஆனால் காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரி போனால்தான் அப்பொறி பனி செய்யும். போகாவிட்டால் தண்ணீர்தான் தெளிக்கும். ஔலியில் பொறிகள் வாங்கியும் 2018 பந்தயம் நடக்கவில்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 2023 ஜனவரியில் ஔலியின் அடிவாரத்து ஜோஷிமடத்தில் நூற்றுக்கணக்கான வீடுகள் பிளந்தன. ஜனங்கள் கொடுங்குளிரில் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். ஔலிக்குப் போகும் கம்பி வண்டியும் நின்றது. அவ்வூர் பழைய மலைச்சரிவின் இடிபாட்டு மண்ணின் மேல் நிற்கிறது, கனத்த கட்டடங்கள் கூடாது என்று மிஸ்ரா கமிட்டி 1976-லேயே எச்சரித்திருந்தது. விழா என்று ஒன்று வந்தால் அதன் பின்னால் ஓட்டல்களும் ரஸ்தாக்களும் காண்டிராக்டர்களும் வருவார்கள். கோடையில் கொடைக்கானல், உதகை படும் பாட்டை அறிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே, பெரிய சர்வதேசப் பந்தயம் ஒன்றை நடத்திக் காட்டுவதல்ல நமக்கு வேண்டியது. உயர்ந்த, பனி நிற்கும் ஒரே ஒரு சரிவைத் தேர்ந்தெடுத்து, மண்டபம் எதுவும் கட்டாமல், வருஷந்தோறும் குறித்த வாரத்தில் அங்கீகாரம் பெற்ற சிறு பந்தயங்களை நடத்தி, பத்து வெளிநாட்டு ஓட்டக்காரருக்கு வழிச்செலவு கொடுத்து வரவழைத்தாலே போதும். ஒரு மண்டபத்தின் விலையில் பல வருஷங்களுக்கு இதை நடத்தலாம். புள்ளிக் கணக்கு நமது வீட்டு வாசலுக்கு வரும்.

2030-ம் வருஷத்து காமன்வெல்த் பந்தயங்கள் ஆமதாபாத்துக்குக் கிடைத்திருக்கின்றன. 2036-ல் ஒலிம்பிக்கையே நடத்தவும் நமது சர்க்கார் விருப்பம் தெரிவித்திருக்கிறது. பெரிய வீட்டுக் கலியாணத்துக்குப் பந்தல் போடுகிறவர்கள், மணப்பிள்ளைக்குச் சாப்பாடு போட்டாயிற்றா என்று பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. சங்கங்களை மேற்பார்க்க ஒரு தேசிய வாரியம், சச்சரவுகளைத் தீர்க்க ஒரு டிரிப்யூனல், நிர்வாகக் குழுவில் சிறந்த விளையாட்டு வீரருக்கும் பெண்களுக்கும் இடம் ஆகியவற்றை அது ஏற்படுத்துகிறது. இவற்றை வரவேற்கிறோம். ஆனால் சர்க்கார் பணம் பெறும் சங்கங்களுக்கு மட்டுமே தகவல் உரிமைச் சட்டம் பொருந்தும் என்று மசோதாவைப் பிற்பாடு குறுக்கினார்கள். அதனால் கிரிக்கெட் சங்கத்துக்கு நிம்மதி உண்டாயிருக்கலாம். தேசத்தின் பெயரையும் கொடியையும் உபயோகிக்கும் உரிமை பணத்தைவிடச் சிறியது என்று பார்லிமெண்ட் எதைக்கொண்டு தீர்மானித்தது என்று நமக்கு விளங்கவில்லை. பனிச்சறுக்கைப் போன்ற ஏழைச் சங்கங்கள் சர்க்கார் பணத்தில் வாழ்பவை. அவற்றின் கணக்கையாவது ஜனங்கள் கேட்கலாம். எத்தனை பந்தயம் நடத்தினீர்கள், எத்தனை பேரை வெளிநாட்டுக்கு அனுப்பினீர்கள், அவர்களோடு போன அதிகாரிகள் எத்தனை பேர் என்ற மூன்று கேள்விகளை, பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, கோயம்புத்தூரில் இருந்துகொண்டே எந்தப் பிரஜையும் தபாலில் போடலாம். வரும் பதில்களைப் பிரசுரிக்க இந்தப் பத்தியில் இடம் உண்டு.